தோன்றா எழுவாய்: தமாஸியோவின் மூளையும் இப்னு ஸீனாவின் மனிதனும்

‘நான்’ என்று சொல்லும்போது மனிதன் எதைச் சுட்டுகிறான் என்னும் வினா நெடுங்காலம் தத்துவ ஏடுகளிலும் ஞானியரின் அவைகளிலும் வாழ்ந்து வந்தது. கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் அது நரம்பியல் ஆய்வுக்கூடத்திலும் குடியேறிவிட்டது. அங்கு அதற்கு விடை தேடியவர்களுள் அந்தோனியோ தமாஸியோ தனித்துக் குறிப்பிடத்தக்கவர். 1944இல் லிஸ்பனில் பிறந்து, அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்திலும் 2005 முதல் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றியவர் அவர். ‘டெகார்ட்டின் பிழை’ என்று பொருள்படும் தலைப்பில் 1994இலும், ‘நிகழ்வதை உணர்தல்’ என்னும் கருத்துடைய தலைப்பில் 1999இலும், ‘செல்ஃப் கம்ஸ் டு மைண்ட்’ என 2010இலும் அவர் எழுதிய மூன்று நூல்களும் ஒரே வினாவின் மூன்று சுற்றுகள் எனலாம். மூளை எவ்வாறு ‘நான்’ என்னும் உணர்வைத் தோற்றுவிக்கிறது என்பதே அவ்வினா. மூன்றாவது நூலே இக்கட்டுரையின் பொருள்.

இத்தகைய நூல்களை நம்மவர் எதிர்கொள்ளும் முறை இரண்டு. நஃப்ஸ், ரூஹ் என்றெல்லாம் முன்னோர் பேசியது அறியாமைக் காலத்துப் பேச்சு, மூளையே எல்லாம் என்று புதிதாகப் படித்தவர் சிலர் முடித்துவிடுகிறார்கள். இப்னு ஸீனா ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இதற்கு மறுப்பு எழுதிவிட்டார் என்று வேறு சிலர் நூலைத் திறவாமலே மூடிவிடுகிறார்கள். இரு சாராரும் செய்யாத பணி ஒன்றுண்டு. தமாஸியோ உண்மையில் எதை விளக்குகிறார், எதை விளக்காமல் விடுகிறார் என்று பிரித்தறிவதே அது.

நூல் ஓர் உறக்கத்திலிருந்து விழிப்பதில் தொடங்குகிறது. விமானப் பயணத்தில் கண் விழிக்கும் ஆசிரியர், சற்று முன்வரை இல்லாதிருந்த தம் மனம் திரும்பி வந்ததையும் அது தம்முடையதாகவே வந்ததையும் எண்ணி வியக்கிறார். உறங்குபவரின் நஃப்ஸ் கைப்பற்றப்படுவதைப் பேசும் ஸூரத்துஸ் ஸுமரின் 42ஆம் வசனத்தை ஓதிப் பழகிய வாசகனுக்கு இந்த வியப்பு அந்நியமன்று. ஆயினும் வசனத்தையும் நூலையும் அவசரப்பட்டு முடிச்சுப் போடும் ஆசையை நாம் அடக்கிக்கொள்ள வேண்டும். அதைப் பற்றிப் பின்னர்.

தமாஸியோ சுயத்தை மூன்று அடுக்குகளாகக் காண்கிறார். அடியில் இருப்பது மூலச் சுயம். உடலின் உள்நிலையை – குருதியின் வேதிச் சமநிலை, குடலின் நிலை, இதயத் துடிப்பு, தசைகளின் இறுக்கம் ஆகியவற்றை – மூளை நொடிதோறும் வரைந்துகொண்டிருக்கிறது. இவ்வரைவின் முதன்மையான இடம் மூளைத் தண்டின் மேற்பகுதி. அங்கிருந்து எழும் மங்கலான ‘இருக்கிறேன்’ என்னும் உணர்வை அவர் ஆதி உணர்வு என்கிறார். அதன் மேல் மையச் சுயம். வெளிப்பொருள் ஒன்றை உடல் எதிர்கொள்ளும்போது மூலச் சுயத்தின் வரைபடம் மாறுகிறது. பொருளும் மாற்றமும் சேர்த்து வரையப்படுகையில், ‘இப்பொருள் எனக்கு நேர்கிறது’ என்னும் சொல்லற்ற கதை பிறக்கிறது. இத்தகைய கணங்கள் நினைவின் துணையால் கோக்கப்பட்டு, கடந்தகாலமும் எதிர்பார்ப்பும் உடையதாக நிற்பது மூன்றாவது அடுக்காகிய வாழ்க்கை வரலாற்றுச் சுயம். பெயர், ஊர், குடும்பம், தொழில், பகை, கடன் எல்லாம் குடியிருப்பது அங்கேதான்.

இது வெறும் கற்பனைக் கட்டுமானமன்று. அவர் தரும் சான்றுகளில் என்னை மிகவும் நிறுத்திவைத்தது மூளைத் தண்டு பற்றியதே. விரலளவு கனமுள்ள அவ்வுறுப்பின் மேற்பாதியில் பின்புறம் சேதமுற்றால் மனிதன் ஆழ்மயக்கத்தில் வீழ்கிறான். முன்புறம் சேதமுற்றாலோ நினைவு தெளிவாக இருக்கும், உடல் மட்டும் அசையாது. 1995 டிசம்பரில் பக்கவாதத்தால் வீழ்த்தப்பட்ட பிரெஞ்சுப் பத்திரிகை ஆசிரியர் ழான் தொமினிக் போபி இவ்வாறுதான் கிடந்தார். இடது கண்ணிமையின் சிமிட்டலால் எழுத்தெழுத்தாகச் சொல்லி அவர் எழுதிய நூல் 1997இல் வெளிவந்தது. சில மில்லிமீட்டர் முன்னும் பின்னும் என்பதே ‘நான்’ இருப்பதற்கும் இல்லாதொழிவதற்கும் இடையிலான தொலைவு. இதனை எதிர்கொள்ளாமல் ஆன்மாவைப் பற்றிப் பேசுவது இனி இயலாது.

பெருமூளைப் புறணி ஏறக்குறைய முற்றிலும் இன்றிப் பிறக்கும் குழந்தைகளையும் அவர் சான்றுக்கு அழைக்கிறார். அக்குழந்தைகள் சிரிக்கின்றன, முகம் சுளிக்கின்றன, இசைக்கு முகம் மலர்கின்றன. பியோன் மெர்க்கர் 2007இல் இவர்களைப் பற்றி எழுதிய கட்டுரை இத்துறையில் பெரும் விவாதத்தைக் கிளப்பியது. சிந்திக்கும் புறணியில்தான் ‘நான்’ உறைகிறது என்ற நெடுநாள் எண்ணத்தை இது அசைத்துவிட்டது. 2012இல் தமாஸியோவும் பங்கேற்று வெளியிட்ட ஆய்வொன்றும் இவ்வகையிலேயே நோக்கத்தக்கது. தன்னுணர்வுக்கு இன்றியமையாதவை எனக் கருதப்பட்ட இன்சுலா முதலிய புறணிப் பகுதிகள் மூளை அழற்சியால் பெரிதும் அழிந்த ஒருவர், கண்ணாடியில் தம்மை அறிந்தார். தம் செயலைத் தம் செயல் என்று அறிந்தார். அவர் இழந்தது தம் வரலாற்றின் பெரும்பகுதியை மட்டுமே.

இதுவரை அவரோடு நடக்கத் தடையில்லை. தடை எழுவது, சொல்லற்ற கதையை யார் கேட்கிறார் என்று வினவும்போதே. கதையே தன்னைக் கேட்பவனையும் படைத்துவிடுகிறது என்பது அவர் விடை. அரபு இலக்கணம் கற்பிப்பவனுக்கு இவ்விடத்தில் ஓர் உவமை தானாக வந்து நிற்கிறது. ‘அக்துபு’ – எழுதுகிறேன் – என்னும் வினையில் ‘அனா’ வெளிப்படுவதில்லை. கட்டாயமாக மறைந்தே நிற்கும். அதனை ளமீர் முஸ்ததிர் என்பார்கள். தமிழிலும் ‘வந்தேன்’ என்றால் போதும், எழுவாய் தோன்றாமலே நிற்கிறது. வினைமுற்று எழுவாயைக் காட்டிக்கொடுக்கிறது. எனினும் வினைமுற்றே எழுவாயைப் பெற்றெடுத்தது என்று எந்த நஹ்வுக்காரரும் சொன்னதில்லை. மூளை வரையும் வரைபடங்களில் ‘எனக்கு’ என்னும் விகுதி எப்படிச் சேர்கிறது என்பதைத் தமாஸியோ நுட்பமாகக் காட்டுகிறார். அவ்விகுதி குறிக்கும் எழுவாய் விகுதியினாலேயே உண்டானது என்பதை அவர் காட்டவில்லை, கூறுகிறார். இரண்டும் ஒன்றல்ல. அவருடைய நூலில் கூறுவதிலிருந்து காட்டுவதற்கு நழுவும் இடங்கள் பல. மொழி அழகாக இருப்பதால் வாசகன் அதைக் கவனிக்காமல் கடந்துவிடுகிறான்.

இனி இப்னு ஸீனாவிடம் வருவோம். ஹிஜ்ரி 428இல் (கி.பி. 1037) மறைந்த அம்மேதை ‘அஷ்-ஷிஃபா’வின் நஃப்ஸ் பகுதியிலும், ‘அல்-இஷாராத் வத்-தன்பீஹாத்’திலும் ஒரு மனிதனைக் கற்பனை செய்யச் சொல்கிறார். அவன் முழு வளர்ச்சியுடன் ஒரே கணத்தில் படைக்கப்படுகிறான். பார்வை மறைக்கப்பட்டிருக்கிறது. வெளியில் மிதக்கிறான்; காற்றின் உராய்வும் இல்லை. கைகால்கள் ஒன்றையொன்று தொடாதபடி விலகி விரிந்திருக்கின்றன. அவனுக்குத் தன் கை தெரியாது, இதயம் தெரியாது, மூளை தெரியாது. தான் இருப்பது மட்டும் தெரியுமா? தெரியும் என்கிறார் இப்னு ஸீனா. ஆகவே ‘நான்’ என்பது உடலுறுப்பு எதுவும் அன்று என்று அவர் நம்மை விழிப்பூட்டுகிறார்.

நம் மேடைகளில் இம்மனிதன் நரம்பியலை வீழ்த்தும் மல்லனாக நிறுத்தப்படுகிறான். தமாஸியோவின் சீடர் ஒருவர் எழுந்து இவ்வாறு கேட்டால் என்ன சொல்வோம்? ‘மிதக்கும் மனிதனுக்குப் புற உணர்வுகள் இல்லை, சரி. அவன் இதயம் துடிக்கிறதல்லவா? குடலிலிருந்தும் நுரையீரலிலிருந்தும் வேகஸ் நரம்பு வழியே செய்திகள் மூளைத் தண்டுக்குப் போய்க்கொண்டே இருக்குமல்லவா? இதயத்தை இதயமென அவன் அறியாதிருக்கலாம். ஆனால் அவன் அறியும் அந்த ‘இருக்கிறேன்’, இதயமும் குடலும் எழுப்பும் ரீங்காரமாகவே இருக்கலாமே!’ வலுவான கேள்வி இது. ஒன்றை அறிகையில் மற்றொன்றை அறியாதிருப்பதால் மட்டும் இரண்டும் வேறு என்றாகிவிடாது. ஸைதை அறிவேன், முகத்தை மூடிக்கொண்டு வாசலில் நிற்பவரை அறியேன் என்பதால், நிற்பவர் ஸைத் அல்லர் என்று தீர்ப்பளிக்க முடியாது.

ஆனால் இப்னு ஸீனாவின் பக்கமும் எஞ்சி நிற்பது ஒன்றுண்டு. தன்னுணர்வுக்குக் காரணமாக இருப்பது வேறு, தன்னுணர்வில் அறியப்படுவது வேறு. விளக்கின் எண்ணெய் ஒளிக்குக் காரணம். ஒளியில் நாம் காண்பது எண்ணெயை அன்று. குடலின் செய்தியால் ‘நான்’ என்னும் உணர்வு நிலைபெறுகிறது என்பதை ஒப்புக்கொண்டாலும், அவ்வுணர்வில் எனக்குப் புலப்படுவது குடலன்று என்பது அப்படியே நிற்கிறது. தமாஸியோ காரணத்தைக் கூறிவிட்டால் பொருளையும் கூறிவிட்டதாகக் கொள்கிறார். இப்னு ஸீனாவைக் கையாளும் நம்மவர் பொருளைச் சுட்டிவிட்டால் காரணத்தை மறுத்துவிட்டதாகக் கொள்கிறார்கள்.

இப்னு ஸீனாவே அப்படிக் கொள்ளவில்லை என்பதுதான் வியப்பு. ‘ஷிஃபா’வில் இக்கற்பனையை அவர் புர்ஹான் – அறுதி நிரூபணம் – என்று அழைக்கவில்லை, தன்பீஹ், நினைவூட்டல் என்றே அழைக்கிறார். அவர் மருத்துவரும்கூட. புலன்கள் கூடுமிடம் மூளையின் முன் அறையிலும் நினைவாற்றல் பின் அறையிலும் இருப்பதாக வகுத்தவர். மூளையில் அடிபட்டவன் நினைவை இழப்பான் என்று அவருக்கு எவரும் கற்பிக்கத் தேவையில்லை. பகுத்தறியும் அறிவுக்கு மட்டுமே உறுப்பு எதுவும் இல்லை என்பது அவர் கோட்பாடு. கற்பனை, அச்சம், நினைவு எல்லாம் உடலோடு கட்டுண்டவை எனக் கண்டவரை மூளையின் எதிரியாகச் சித்திரிப்பது அவருக்கு இழைக்கப்படும் அநீதி.

இவ்விடத்தில் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் நிதானம் நமக்கு உதவும். ஹிஜ்ரி 488இல் எழுதி முடித்த ‘தஹாஃபுதுல் ஃபலாஸிஃபா’வின் பதினெட்டாவது விவாதம் முழுவதும் இதைப் பற்றியதே. மனித ஆன்மா உடலில் பதியாத தனிப்பொருள் என்பதற்குத் தத்துவவாதிகள் காட்டும் பத்து ஆதாரங்களை எடுத்து ஒவ்வொன்றாக உடைக்கிறார். இத்தனைக்கும் அக்கொள்கையே தவறு என்பது அவர் வாதமன்று. அறிவின் பலத்தால் மட்டும் அதை நிறுவிவிட்டோம் என்னும் அவர்களின் உரிமைகோரலே தவறு என்பதுதான். ஓர் எடுத்துக்காட்டு. உடலின் அணுக்கள் எல்லாம் கரைந்து மாறிக்கொண்டே இருக்கின்றன. நாற்பது ஆண்டுக்குப் பின் பழையது எதுவும் எஞ்சுவதில்லை. மனிதனோ அதே மனிதனாக இருக்கிறான். எனவே அவன் உடலன்று என்றார்கள் தத்துவவாதிகள். விலங்கையும் மரத்தையும் பாருங்கள் என்பது இமாமின் பதில். கன்றாக நட்டதை முதிர்ந்த பின்னும் அதே மரம் என்கிறோமே, மரத்துக்கும் அப்படியோர் ஆன்மா உண்டா? மாறும் உடலில் மாறாத ‘நான்’ எப்படி நிற்கிறது என்று தமாஸியோ எழுப்பும் வினாவுக்கு இதைவிடக் கூர்மையான முன்னுரை கிடைப்பது அரிது. பின்னர் ‘இஹ்யா’வில் கல்பின் விந்தைகளைப் பேசப் புகும்போது, நஃப்ஸ், ரூஹ், கல்பு, அக்ல் என்னும் நான்கு சொற்களின் பொருள்களை முதலில் பிரித்து வைக்கிறார் இமாமவர்கள். ரூஹின் மெய்ம்மையை ஆராய்வது தம் நூலின் எல்லைக்கு அப்பாற்பட்டது என்று நிறுத்தியும் கொள்கிறார். ரூஹைப் பற்றிய வினாவுக்கு ஸூரத்துல் இஸ்ராவின் 85ஆம் வசனம் வகுத்த எல்லை அது.

நமக்கோ அந்தப் பொறுமை இல்லை. ‘நாஸியா’ என்று ஸூரத்துல் அலக் கூறும் முன்னெற்றி மயிர், மூளையின் முன்மடலைக் குறிக்கிறது என்றும், பொய்யும் பாவமும் பிறப்பது அங்கேதான் என்றும் துண்டுப் பிரசுரங்கள் எழுதுகின்றன. அதற்குச் சாட்சியாக ஃபினியஸ் கேஜ் கொண்டுவரப்படுகிறார். 1848 செப்டம்பர் 13 அன்று அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ரயில் பாதைக்குப் பாறை பிளக்கையில், ஒரு மீட்டருக்கு மேல் நீளமும் ஆறு கிலோ எடையும் உள்ள இரும்புக் கம்பி அவர் கன்னத்தில் நுழைந்து உச்சந்தலை வழியே வெளியேறியது. பிழைத்தார், ஆனால் ஒழுக்கமான தொழிலாளி வாய்த்துடுக்கும் பொறுப்பின்மையும் உடையவராக மாறினார் என்பது பரவலான கதை. தமாஸியோவின் முதல் நூலும் இக்கதையிலேயே தொடங்குகிறது. மால்கம் மக்மில்லன் என்னும் ஆய்வாளர் 2000இல் வெளியிட்ட விரிவான நூலைப் படித்தவர்களுக்குக் கதையின் மறுபாதி தெரியும். கேஜ் பின்னாளில் சிலி நாட்டுக்குப் போய்ப் பல ஆண்டுகள் குதிரை வண்டி ஓட்டினார். நேரம் தவறாமையும் கவனமும் வேண்டிய தொழில் அது. முன்மடல் சிதைந்தவனின் ஒழுக்கம் என்றென்றைக்கும் போயிற்று என்னும் தீர்ப்புக்கு அவர் வாழ்க்கையே இணங்கவில்லை. ஆக, பிரசுரக்காரர் வசனத்தின் பொருளையும் குறுக்குகிறார், நரம்பியலின் செய்தியையும் குறுக்குகிறார். குதிரையின் நெற்றி மயிரைப் பற்றி இழுப்பது அரபு வழக்கில் இழிவுபடுத்தி அடக்குவதன் குறி என்று தஃப்ஸீர்கள் காட்டும் பொருள் எவ்வளவு கம்பீரமானது!

இவ்வளவும் ஏட்டு விவாதமாக நின்றுவிட்டால் இதை எழுத வேண்டியதில்லை. அல்ஸைமர் நோயால் நினைவு கரைந்த முதியவர்கள் இன்று நம் குடும்பங்களில் பெருகிவருகிறார்கள். பெற்ற மகனை யார் என்று கேட்கும் தாயைப் பற்றி, ‘இவர் எங்கள் உம்மாவே இல்லை’ என்று பிள்ளைகள் சொல்லக் கேட்கிறோம். துயரத்தில் சொல்வதுதான், ஆனால் அடுத்த கட்டமாகச் சொத்துப் பேச்சு வந்துவிடுகிறது, இருப்பவரை இறந்தவராக எண்ணிப் பங்கு பிரிப்பதும் நடக்கிறது. தமாஸியோவின் அடுக்குகள் இங்கு ஒரு நன்மை செய்கின்றன. இந்நோயில் முதலில் சிதைவது வரலாற்றுச் சுயம். மையச் சுயம் நெடுநாள் எஞ்சி நிற்கிறது என்று அவரே 1999இன் நூலில் விளக்குகிறார். பெயர் மறந்தவருக்கும் வலி அவருடைய வலிதான், அவமதிப்பு அவருடைய அவமதிப்புதான். பராமரிப்போர் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

எனினும் கடைசி அடுக்கும் சரியும் நாள் வந்தால்? ‘நான்’ என்பது மூளை கூறும் கதை மட்டுமே என்றால், கதை நின்றதும் ஆளும் இல்லை என்ற முடிவைத் தடுக்க அந்நூலில் ஏதும் இல்லை. இங்கேதான் ஃபல்ஸஃபாவைவிட நம் உஸூலுல் ஃபிக்ஹ் ஆழமாகச் சென்றிருக்கிறது என்பேன். அரபுக் கல்லூரிகளில் ‘நூருல் அன்வார்’ ஓதும் மாணவன் இறுதிப் பகுதியில் அஹ்லிய்யத் என்னும் தகுதிப்பாட்டைப் பயில்கிறான். அது இருவகை. உரிமையும் கடமையும் ஒருவர்மீது சாரும் தகுதி அஹ்லிய்யத்துல் உஜூப். அவற்றைத் தானே நிறைவேற்றும் தகுதி அஹ்லிய்யத்துல் அதா. பின்னதற்கு அறிவு வேண்டும். முன்னதற்கு வேண்டியது திம்மா ஒன்றே. மனிதனாக இருப்பதாலேயே கிடைக்கும் அது, கருவிலேயே குறை நிலையில் தொடங்கிப் பிறப்பால் முழுமை பெறுகிறது. தன்னுணர்வு எதுவும் நிரூபிக்கப்படாத கருவுக்கு வாரிசுப் பங்கு ஒதுக்கப்படுவது இதனால்தான்.

தகுதிக்கு நேரும் தடைகளைச் சட்ட அறிஞர்கள் வரிசைப்படுத்தியிருப்பது இன்றைய நரம்பியல் நூலின் பொருளடக்கம்போல் இருக்கிறது: பித்து, சிறுபிராயம், புத்தித் தளர்ச்சி, மறதி, உறக்கம், மயக்கம். உணர்வு இல்லாமை என்று எல்லாவற்றையும் ஒரே கூடையில் அவர்கள் போடவில்லை. உறங்கியவர் விழித்தபின் விடுபட்ட தொழுகையைக் களா செய்தாக வேண்டும். மயங்கியவர் விஷயத்தில், ஹனஃபி மத்ஹபில், மயக்கம் ஒரு பகல் ஓர் இரவைத் தாண்டினால் களா நீங்குகிறது. ஷாஃபிஈ மத்ஹபில் மயக்கத்தின் அளவைப் பாராமலே நீங்குகிறது. பித்தரின் செல்வத்தில் ஸகாத் உண்டா என்பதிலும் இரு மத்ஹபுகளும் வேறுபடுகின்றன. ஷாஃபிஈகள் உண்டு என்கிறார்கள். ஆனால் அச்செல்வம் அவருடையது என்பதில் எவருக்கும் வேறுபாடில்லை. அவர் பிறர் பொருளை அழித்தால் ஈடு அவர் செல்வத்திலிருந்தே கொடுக்கப்படும். மஃதூஹ் எனப்படும் புத்தி தளர்ந்தவர், விவரம் தெரிந்த சிறுவரைப் போன்றவர்: அவருக்கு அளிக்கப்படும் அன்பளிப்பை அவரே ஏற்கலாம், தம் பொருளைத் தானமாக இழக்க முடியாது, விற்பதும் வாங்குவதும் வலீயின் இசைவைப் பொறுத்தவை.

இச்சட்டத்தில் ‘நான்’ என்று உணர்பவனும் ‘இவர்’ என்று பிறரால் மதிக்கப்பட வேண்டியவரும் ஒருவரேயானாலும், முன்னது மறைந்தால் பின்னது மறைவதில்லை. மறைந்து நிற்கும் ளமீரை நாம் வாக்கியத்திலிருந்து நீக்கிவிடுவதில்லை. இடம் கொடுத்தே இஃராபு சொல்கிறோம். தமாஸியோ தம் நூலின் இறுதிப் பகுதியில் சட்டம், சமயம், கலை யாவும் சுயமுடைய மனங்கள் உயிர்வாழ்வைச் சீர்செய்ய உருவாக்கிக்கொண்ட ஏற்பாடுகள் என்று எழுதுகிறார். அந்தச் சட்டம், சுயத்தை இழந்தவரின் பெயரில் ஏன் இன்னும் கணக்கு வைத்திருக்கிறது, அவருடைய வலீ ஒவ்வொரு நாணயத்துக்கும் ஏன் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்று அவர் அங்கே ஒரு பத்தியாவது எழுதியிருக்கலாம்.